மேம்படுத்திய பின் முடங்கும் கணினி: 'போர்மட்' செய்வதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

கணினி என்பது பெரிய அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் மாத்திரம் உரிய சாதனமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. பாடசாலை மாணவனின் ஒப்படைகள், வர்த்தக நிலையத்தின் வரவு செலவுகள், ஆலய பரிபாலன சபையின் திருவிழாக் கணக்குகள், பள்ளிவாசல் ஜமாஅத்தின் அங்கத்தவர் பதிவேடு, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பி வைத்த புகைப்படங்கள் என இன்று எமது வாழ்க்கையின் பெரும் பகுதி கணினியின் வன்தட்டுக்குள் குடியேறியுள்ளது. எனவே, ஒரு கணினி முடங்குகின்றது என்றால் ஓர் இயந்திரம் பழுதடைந்தது என்பதோடு விடயம் முடிந்து விடுவதில்லை. பல ஆண்டு உழைப்பும் ஆவணங்களும் நினைவுகளும் அதனுடன் சேர்ந்து ஆபத்துக்குள்ளாகின்றன.

இத்தகைய முடக்கங்கள் அதிகமாக நிகழும் சந்தர்ப்பங்களுள் ஒன்று, கணினியின் இயங்குதளத்தை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும் வேளையாகும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக் கொண்டதையடுத்து, உலகெங்கும் பெருந்தொகையான பாவனையாளர்கள் விண்டோஸ் 11 க்கு மாற வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். நேற்று வரை ஒழுங்காக இயங்கிய கணினி, மேம்படுத்திய மறுநாள் முதல் நீல நிறத் திரையைக் காட்டி நின்றுவிடுவதும், தானாகவே மீள ஆரம்பிப்பதும், நடு வேலையில் உறைந்து போவதும் பலரது அனுபவமாகும்.

அப்பொழுது எமது ஊர்களில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே. "போர்மட் அடிக்க வேண்டும்" என்பதே அது. வன்தட்டை முழுமையாக அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால், அது கடைசி மருந்தாக இருக்க வேண்டுமேயன்றி முதல் மருந்தாக இருக்கக் கூடாது. தரவுகளை மாத்திரமன்றி, கணினி ஏன் முடங்கியது என்பதற்கான சான்றுகளையும் அது அழித்து விடுகின்றது. கோளாறு நினைவகத்திலோ மின்வழங்கியிலோ இருக்குமாயின், போர்மட் செய்த மறுவாரமே பழைய நோய் திரும்பி வருவதையும் காண்கின்றோம்.

முடக்கம் என்பது என்ன?

கணினியில் இயங்கும் மென்பொருட்கள் அனைத்தும் சம அந்தஸ்து உடையவை அல்ல. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளும் இணைய உலாவியும் வெளி வாசலில் நிற்பவை. அவற்றுள் ஒன்று பிழைத்தால் அது மாத்திரம் மூடப்படும். மாறாக, இயங்குதளத்தின் மையப் பகுதியான 'கேர்னல்', நினைவகம், வன்தட்டு, திரை ஆகியவற்றை நேரடியாக ஆள்கின்றது. வன்பொருட் பாகங்களுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போன்று செயற்படும் 'டிரைவர்' எனப்படும் செலுத்தி மென்பொருட்களில் பெரும்பாலானவையும், வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்களின் சில பகுதிகளும் இந்த மையப் பகுதியிலேயே இயங்குகின்றன.

மையத்தில் இயங்கும் ஒன்று தவறிழைத்தால், தொடர்ந்து இயங்குவது தரவுகளைச் சிதைத்து விடும் என்ற காரணத்தால் இயங்குதளம் தன்னைத் தானே நிறுத்திக் கொள்கின்றது. அவ்வேளையில் தோன்றுவதே நீலத்திரையாகும். (2025 ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 இல் இதன் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது.) ஆகவே நீலத்திரையை மரண அறிவித்தலாகக் கருதத் தேவையில்லை. மேலும் சேதம் ஏற்படாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அது. எங்கே பிழை நேர்ந்தது என்பதைக் கூறும் குறிப்பும் அதிலேயே உள்ளது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 ஆம் திகதி 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால், மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் முடங்கின. பல நாடுகளில் விமான சேவைகளும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. அது இயங்குதள மேம்படுத்தல் அல்ல. எனினும் மையத்தில் இயங்கும் ஒரு மென்பொருளின் தவறு முழுக் கணினியையும் எவ்வாறு வீழ்த்தும் என்பதை உலகம் கண்டது. அதற்கான பரிகாரமோ, கணினியைப் பாதுகாப்பு முறையில் ஆரம்பித்து, பிழையான ஒரு கோப்பை அழிப்பதாக மட்டுமே இருந்தது. வன்தட்டை அழிக்கும் தேவை அங்கு எழவில்லை.

மேம்படுத்திய பின் ஏன் முடங்குகின்றது?

முதலாவதும் பிரதானமானதுமான காரணம் செலுத்தி மென்பொருட்களாகும். இயங்குதளத்தின் மையம் மாறும்போது, பழைய மையத்துக்கென எழுதப்பட்ட செலுத்திகள் புதியதுடன் ஒத்துப் போகாதிருக்கலாம். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வெளியானபோது திரைச் செலுத்திகளுக்கான கட்டமைப்பே மாற்றப்பட்டது. எக்ஸ்.பி. யில் சிறப்பாக இயங்கிய பல கணினிகள் விஸ்டாவில் தடுமாறியமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இரண்டாவது, மையத்துடன் நெருங்கி இயங்கும் ஏனைய மென்பொருட்கள். பழைய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், ஒரே நேரத்தில் நிறுவப்பட்டுள்ள இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்கள், அனுமதிப் பத்திரமின்றி மென்பொருட்களை இயக்குவதற்காக நிறுவப்படும் திருட்டுச் செயலிகள் என்பன இவற்றுள் அடங்கும். இறுதியாகக் குறிப்பிட்டவை இயங்குதளக் கோப்புகளையே மாற்றியமைப்பதால், மேம்படுத்தலின் போது விபரீதம் நேர்வது வியப்புக்குரியதன்று.

மூன்றாவது, வன்பொருளில் ஏற்கனவே மறைந்திருந்த பலவீனம். மேம்படுத்தலின்போது பல கிகாபைட் அளவான கோப்புகள் வாசிக்கப்பட்டு எழுதப்படுகின்றன. அதன் பின்னரும் சில நாட்களுக்குக் கோப்புகளை அட்டவணைப்படுத்தல் போன்ற வேலைகள் பின்னணியில் நடைபெறுகின்றன. தேய்ந்து போன வன்தட்டு, தளர்ந்த நினைவகச் சட்டம், தூசி அடைத்த விசிறி, களைத்துப் போன மின்வழங்கி ஆகியன இந்தச் சுமையின் கீழ் வெளிப்பட்டு விடுகின்றன. மேம்படுத்தல் அவற்றை உண்டாக்கவில்லை, காட்டிக் கொடுத்தது என்பதே உண்மை.

நான்காவது, கணினி புதிய பதிப்புக்குத் தகுதியற்றதாக இருத்தல். விண்டோஸ் 11 க்கு ஆகக்குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான செயலிகளே அங்கீகரிக்கப்பட்டுள்ளன. இக்கட்டுப்பாடுகளைக் குறுக்கு வழிகளில் தாண்டிப் பழைய கணினிகளில் நிறுவிக் கொடுப்போர் உள்ளனர். அவ்வாறு நிறுவப்பட்ட கணினி சில காலம் இயங்கினாலும், அடுத்த பதிப்பில் நின்று போகலாம். 2024 இல் வெளியான 24எச்2 பதிப்பு, 'கோர் 2 டுவோ' போன்ற பழைய செயலிகளில் ஆரம்பிக்கவே மறுத்தமை இதற்குச் சான்றாகும்.

ஐந்தாவது, மேம்படுத்தல் முழுமை பெறாமை. இடைநடுவில் மின்சாரம் தடைப்படுதல், வன்தட்டில் போதிய இடமின்மை ஆகியவற்றால் சில கோப்புகள் புதியனவாகவும் சில பழையனவாகவும் எஞ்சிவிடக் கூடும். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த எமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. மடிக்கணினியாயின் பற்றரி நிறைந்த நிலையிலும், மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். துணையுடனும் மாத்திரமே மேம்படுத்தலைத் தொடங்குதல் வேண்டும்.

முதற் கடமை தரவுகளைக் காப்பதே

கணினி விட்டு விட்டாவது இயங்குகின்றது என்றால், பழுது பார்ப்பதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றுக்கோ பென் டிரைவுக்கோ பிரதி செய்து கொள்ள வேண்டும். அறவே ஆரம்பிக்காத கணினியிலிருந்தும் தரவுகளை மீட்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை யூ.எஸ்.பி. யிலிருந்து நேரடியாக இயக்கிக் கோப்புகளைப் பிரதி செய்வது ஒரு வழி. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பது மற்றொரு வழி. கணினி முடங்கியது என்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. வீட்டுக் கதவு திறக்க மறுக்கின்றது என்பதற்காக வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் காணாமற் போவதில்லை அல்லவா?

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை அவசியமாகின்றது. அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் 'பிட்லொக்கர்' என்னும் முறையில் வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் கணினியை அமைக்கும்போது, பாவனையாளர் அறியாமலேயே இது செயற்படத் தொடங்கியிருக்கலாம். மேம்படுத்திய பின்னரோ, வன்தட்டைக் கழற்றி இணைத்த பின்னரோ, 48 இலக்கங்களைக் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கக் கூடும். அது இல்லாவிடில் தரவுகளை எவராலும் மீட்க முடியாது. பெரும்பாலும் அச்சாவி உரிமையாளரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே அதனைத் தேடிக் கடதாசியில் எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலையாகும். கடையில் யாரோ ஒருவரது மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு கணினியை அமைத்துப் பெற்றவர்கள் இவ்விடயத்தில் விசேட கவனம் செலுத்துதல் வேண்டும்.

அறிகுறிகளைக் கேட்டறிதல்

நல்ல வைத்தியர் மருந்தெழுதுவதற்கு முன் நோயாளியிடம் கேள்விகள் கேட்பார். கணினிக்கும் அதுவே பொருந்தும். எப்போது முடங்குகின்றது, என்ன செய்யும்போது முடங்குகின்றது, முடங்கும்போது திரையில் என்ன தோன்றுகின்றது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை காணப்பட வேண்டும்.

எவ்விதச் செய்தியும் இன்றிச் சடுதியாக மின் அணைந்து போனால், அதிக வெப்பம் அல்லது மின்வழங்கி மீது சந்தேகம் கொள்ளலாம். வீடியோ பார்க்கும்போதும் விளையாட்டுகளின் போதும் முடங்கினால், திரைச் செலுத்தியும் வெப்பமும் முதலில் ஆராயப்பட வேண்டியவை. உறக்க நிலையிலிருந்து விழிக்கும் ஒவ்வொரு தடவையும் முடங்கினால் ஏதேனும் ஒரு செலுத்தியே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழைக் குறியீடுகள் தோன்றுமாயின் நினைவகத்தைப் பரிசோதிக்க வேண்டும். கோப்புகள் திறப்பதற்கு நீண்ட நேரம் எடுப்பதுடன் வன்தட்டிலிருந்து வழமைக்கு மாறான ஒலியும் வருமாயின், வேறு எதனையும் செய்யாது உடனடியாகத் தரவுகளைப் பிரதி செய்ய வேண்டும்.

நீலத்திரை தோன்றினால் கையடக்கத் தொலைபேசியில் அதனைப் படம் பிடித்துக் கொள்வது நன்று. அதிலுள்ள சொற்கள் அச்சமூட்டினாலும் பொருளற்றவை அல்ல. 'மெமரி மனேஜ்மென்ட்' என்றிருப்பின் நினைவகம் அல்லது அதனைத் தவறாகப் பயன்படுத்திய செலுத்தி, 'இனக்சசிபிள் பூட் டிவைஸ்' என்றிருப்பின் இயங்குதளம் உள்ள வன்தட்டை அணுக முடியாமை, 'வீடியோ டி.டி.ஆர்.' என்றிருப்பின் திரைச் செலுத்தி. 'வீயா' என்ற சொல் காணப்படின் பெரும்பாலும் வன்பொருட் கோளாறு எனப் பொருள் கொள்ளலாம். சில வேளைகளில் குற்றவாளியான கோப்பின் பெயரே திரையில் காணப்படுவதுண்டு.

விண்டோஸில் உள்ள 'ரிலயபிலிட்டி மொனிட்டர்' என்னும் வசதி, எந்தத் திகதியில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எந்தத் திகதியில் முடக்கம் நேர்ந்தது என்பதை நாள்வாரியாகக் காட்டும். அதேவேளை, நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு மின்வழங்கியை மாற்றச் செல்வோரும் உள்ளனர். கணினி முறையாக மூடப்படாமல் மீள ஆரம்பித்தது என்பதையே அப்பதிவு கூறுகின்றது. ஏன் என்பதை அது கூறுவதில்லை.

படிப்படியான பரிகாரம்

பரிகாரத்தின் பொன் விதி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே என்பதாகும். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து கணினி சரியானால், எது சரிப்படுத்தியது என்பது தெரியாது. மோசமடைந்தால், எது கெடுத்தது என்பதும் தெரியாது.

முதலில் விசைப்பலகை, சுட்டி, திரை தவிர்ந்த ஏனைய இணைப்புகள் அனைத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அச்சுப்பொறி, வருடி, வெளி வன்தட்டு ஆகியவற்றின் பழைய செலுத்திகள் காரணமாகவும் முடக்கம் நிகழலாம்.

அடுத்து, 'சேப் மோட்' எனப்படும் பாதுகாப்பு முறையில் கணினியை ஆரம்பிக்க வேண்டும். உள்நுழையும் திரையில் ஷிப்ட் விசையை அழுத்தியவாறு 'ரீஸ்டார்ட்' என்பதைத் தெரிவு செய்தால் மீட்புப் பட்டியல் தோன்றும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என முறையே சென்று மீள ஆரம்பித்து, 4 ஆம் இலக்கத்தை அழுத்த வேண்டும். உள்நுழையும் திரை வரை கூடக் கணினி வராவிடின், ஆரம்பிக்கும் தறுவாயில் மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று தடவைகள் செய்தால் மீட்புப் பட்டியல் தானாகவே தோன்றும்.

பாதுகாப்பு முறையில் அத்தியாவசியமான செலுத்திகள் மாத்திரமே இயங்குகின்றன. ஆகவே அம்முறையில் கணினி நெடுநேரம் முடங்காது இயங்குமாயின், கோளாறு ஏதேனும் ஒரு செலுத்தியிலோ மென்பொருளிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அங்கும் முடங்குமாயின் வன்பொருளை நோக்கிச் சந்தேகம் திரும்ப வேண்டும். பல நாட்கள் அலைச்சலை மிச்சப்படுத்தும் பரிசோதனை இது.

செலுத்தியே காரணம் எனத் தெரிந்தால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து அந்தக் கணினியின் மாதிரி இலக்கத்துக்குரிய புதிய செலுத்தியைப் பெற்று நிறுவ வேண்டும். புதிய செலுத்தியின் பின்னரே தொல்லை ஆரம்பித்திருந்தால், 'டிவைஸ் மனேஜர்' ஊடாகப் பழையதற்குத் திரும்பலாம். அனைத்துச் செலுத்திகளையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருட்களை நம்பி ஏமாறக் கூடாது. அவற்றுட் பல தேவையற்ற மென்பொருட்களைக் கணினிக்குள் கொண்டு வருகின்றன. வெளியாரின் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருப்பின் அதனைத் தற்காலிகமாக அகற்றிப் பார்க்கலாம். அவ்வேளையில் விண்டோஸிலேயே உள்ள 'டிபென்டர்' பாதுகாப்பை ஏற்றுக் கொள்ளும்.

இயங்குதளக் கோப்புகள் சிதைந்துள்ளன எனச் சந்தேகம் எழுந்தால், விண்டோஸில் அடங்கியுள்ள 'டிஸ்ம்' என்ற கருவியை முதலிலும் 'எஸ்.எப்.சி.' என்ற கருவியை அடுத்தும் நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். முதலாவது கருவி மூலப் பிரதிகளின் களஞ்சியத்தைச் செப்பனிடுகின்றது. இரண்டாவது, அக்களஞ்சியத்திலிருந்து நல்ல கோப்புகளை எடுத்துச் சிதைந்தவற்றின் இடத்தில் வைக்கின்றது. வரிசை முக்கியமானது என்பது இதனால் விளங்கும்.

வன்பொருளைப் பரிசோதிக்கையில், 'விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்' மூலம் நினைவகத்தைச் சோதிக்கலாம். இரண்டு நினைவகச் சட்டங்கள் இருப்பின் ஒன்றைக் கழற்றி மற்றதுடன் மாத்திரம் இயக்கிப் பார்ப்பது எளிய சோதனையாகும். விசிறியிலும் காற்றுத் துவாரங்களிலும் அடைந்துள்ள தூசியை அகற்றுவதால் மாத்திரமே குணமடைந்த கணினிகள் உண்டு.

பின்வாங்குவதும் ஒரு தீர்வே

மேற்கூறிய எதுவும் பயன் தராவிடின், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி திறந்தே உள்ளது. மேம்படுத்திய நாளிலிருந்து வழமையாக 10 நாட்கள் வரை பழைய இயங்குதளத்தை விண்டோஸ் தனியான ஒரு கோப்புறையில் பேணி வைக்கின்றது. அமைப்புகள் பகுதியின் 'ரிக்கவரி' பிரிவில் 'கோ பேக்' என்பதன் மூலம் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். வன்தட்டில் இடம் போதவில்லை என்று அக்கோப்புறையை அவசரப்பட்டு அழித்தவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. எனவே மேம்படுத்திய முதல் வாரத்தில் கணினியைப் பலவாறாகவும் இயக்கிப் பார்த்துக் குறைகளைக் கண்டறிதல் அவசியம். அதேவேளை, ஆதரவு முடிவடைந்த பதிப்பில் நிரந்தரமாகத் தங்கியிருப்பது பாதுகாப்பானதல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாத கணினியாயின், லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றுக்கு மாறுவது புதிய கணினி வாங்கும் செலவின்றியே அதனை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த வழிவகுக்கும்.

இறுதி வழியாகப் புதிதாக நிறுவ நேரிட்டால், தமிழில் பணியாற்றுவோர் ஒரு விடயத்தை மறக்கலாகாது. எமது நாட்டில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் இன்றும் ஏராளமாக உள்ளன. அந்த எழுத்துரு நிறுவப்படாத புதிய இயங்குதளத்தில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். ஆவணம் கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்து விடக் கூடாது. எழுத்துருவை மீள நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். எனவே ஆவணங்களுடன் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே காப்புப் பிரதி எடுப்பதும், காலப்போக்கில் முக்கிய ஆவணங்களை யூனிகோட் முறைக்கு மாற்றிக் கொள்வதும் புத்திசாலித்தனமாகும்.

பெரிய நிறுவனங்களும் தவறிழைக்கின்றன என்பதற்கு 2018 ஒக்டோபர் சம்பவம் சாட்சியாகும். அம்மாதம் 2 ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தல், சிலரது கணினிகளில் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டமை தெரியவந்ததையடுத்துச் சில நாட்களுக்குள்ளேயே இடைநிறுத்தப்பட்டது. குறை நீக்கப்பட்டு நவம்பரிலேயே அது மீண்டும் வெளியிடப்பட்டது. அன்று காப்புப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு தொல்லை. வைத்திராதவர்களுக்கு அது ஓர் இழப்பு.

எனவே, கணினியைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்பதற்கு முன்னர், "என் கோப்புகளைப் பிரதி எடுத்தீர்களா? முடங்கியதற்கான காரணம் என்ன?" என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பழகுதல் வேண்டும். திறமையான தொழில்நுட்பவியலாளர் அதற்குப் பொறுமையுடன் விடையளிப்பார். காரணம் கூறாமல் போர்மட் செய்ய முற்படுபவரிடமிருந்து கணினியை மீளப் பெற்றுக் கொள்வதில் தவறில்லை. கணினியை மீண்டும் வாங்கலாம், இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். மறைந்த தந்தையின் குரற்பதிவையும் ஐந்தாண்டுக் கணக்கேட்டையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.